விமானப் பயண நேரம்: கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லண்டனில் காலை 11 மணிக்குப் புறப்பாடு, நியூயார்க்கில் பிற்பகல் 2 மணிக்கு வருகை. டிக்கெட்டில் இப்படி இருந்தால் உடனே கழித்துப் பார்த்து, "மூன்றே மணி நேரமா!" என்று வியக்கிறோம். டிக்கெட்டில் அச்சாவது அந்தந்த ஊர் நேரம். நியூயார்க் கடிகாரம் லண்டனைவிட 5 மணி நேரம் பின்தங்கியது. ஆகவே பயணம் 8 மணி நேரம். திரும்பும்போது இரவு 7 மணிக்கு ஏறி மறுநாள் காலை 7 மணிக்கு இறங்கினால், கழித்தல் கணக்கு 12 என்று காட்டும், உண்மையில் 7தான். இரண்டையும் முதலில் ஒரே ஊரின் நேரத்துக்கு மாற்றி எழுதிக்கொண்டு, பிறகு கழியுங்கள். அந்த 5 மணி நேரத்தையும் மனப்பாடமாக நம்ப வேண்டாம். கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கும் கோடைக்கால நேரத்துக்கு இரு நாடுகளும் வெவ்வேறு நாளில் மாறுவதால், மார்ச்சில் சில வாரங்கள் அது 4 ஆகிவிடும்.

போக 8, வர 7 என்ற வித்தியாசத்துக்குப் பூமி சுழல்வதைக் காரணம் சொல்வது இன்னொரு தவறு. காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தேதான் சுழல்கிறது. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பாயும் வேகக்காற்று லண்டன் நோக்கிச் செல்லும் விமானத்தைத் தள்ளிவிடுகிறது, எதிர்த்து வருவதைத் தடுக்கிறது. அவ்வளவுதான்.

தூரத்தை வேகத்தால் வகுத்து நேரம் சொல்வதும் சரிவராது. அந்த இரு நகரங்களுக்கும் இடையே சுமார் 5,540 கிலோமீட்டர். மணிக்கு 900 என்று வகுத்தால் ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்க வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதில் இல்லை. அலகையும் பாருங்கள். கடல் மைல் 1.852 கிலோமீட்டர், சாதாரண மைல் 1.609. 3,000 கடல் மைலைச் சாதாரண மைலாக எண்ணினால் 700 கிலோமீட்டருக்கு மேல் காணாமல் போய்விடும்.

தட்டையான வரைபடத்தில் அளவுகோலை வைக்காதீர்கள். உருண்டையில் நூலைப் பிடித்துப் பாருங்கள். டோக்கியோவிலிருந்து நியூயார்க்குக்கான குறுக்குவழி அலாஸ்கா பக்கமாக வளைந்து போவது தெரியும். ஆனால் குறுக்குவழியில் பறக்க எப்போதும் அனுமதி கிடைப்பதில்லை. 2022இல் ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டபின் ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் ஏறத்தாழ ஒன்பதரை மணி நேரத்திலிருந்து 13 மணி நேரமாகிவிட்டது. பழைய பயணத்தின் நினைவை வைத்துத் திட்டமிடாதீர்கள்.

பெரிய நஷ்டத்தைத் தருவது தேதிக் குழப்பம்தான். டோக்கியோவில் மாலை 5 மணிக்குக் கிளம்பி, அதே தேதியில் காலை 11 மணிக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் இறங்கலாம். நடுவில் தேதிக்கோடு இருக்கிறது, அதைக் கிழக்கு நோக்கிக் கடந்தால் தேதி ஒரு நாள் பின்னே போகும். அங்கே ஓட்டல் அறையை மறுநாளுக்குப் பதிவு செய்தால் முதல் இரவு தங்க இடமிருக்காது. நள்ளிரவு விமானம் இன்னும் மோசம். 15ஆம் தேதி 00.30 என்றிருந்தால், 14ஆம் தேதி இரவு ஒன்பதரைக்கே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். பலர் 15ஆம் தேதி இரவு பெட்டியோடு போய் நிற்கிறார்கள். விமானம் போய் ஏறத்தாழ ஒரு நாள் ஆகியிருக்கும். டிக்கெட் கைக்கு வந்ததுமே அதன் ஓரத்தில் "14 இரவு" என்று பேனாவால் எழுதிவிடுங்கள்.