தடித்த இதயத்தசை: எக்கோவிலும் எம்.ஆர்.ஐ.யிலும் எதைத் தேட வேண்டும்

எக்கோ (ஒலியலையால் இதயத்தைப் படமெடுக்கும் சோதனை) அறிக்கையில் இடது கீழறைச் சுவரின் தடிப்பு 15 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் இருந்தால், முதலில் வேறு காரணம் உண்டா என்று பாருங்கள். நெடுநாள் கட்டுப்படாத இரத்த அழுத்தமும் பெருந்தமனி வால்வுச் சுருக்கமும் சுவரைத் தடிக்கச் செய்பவை. இவற்றால் விளக்க முடியாத தடிப்பையே மரபுவழி இதயத்தசைத் தடிப்பு நோயாகக் கருத வேண்டும். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் ஒருவருக்கு இந்நோய் உறுதியாகியிருந்தால் 13 மில்லிமீட்டரே போதுமானது.

அடுத்து, இரத்தம் வெளியேறும் வழியில் அடைப்பு உள்ளதா என்பதை அறிய வேண்டும். அவசரத்தில் செய்யப்படும் எக்கோ பெரும்பாலும் கோட்டைவிடும் இடம் இதுவே. இதயம் சுருங்கும்போது, இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மிட்ரல் வால்வின் முன்னிதழ் தடித்த இடைச்சுவரை நோக்கி இழுபட்டு வழியைக் குறுக்கிவிடுகிறது. அதனால் எழும் அழுத்த வேறுபாட்டை, இரத்த ஓட்டத்தின் வேகத்தைக் காட்டும் எக்கோவின் டாப்ளர் முறை அளக்கிறது. அது 30 மி.மீ. பாதரச அளவை எட்டினால் அடைப்பு உண்டு எனலாம். 50ஐ எட்டி, மருந்து கொடுத்தும் மூச்சுத்திணறலோ மயக்கமோ தீராவிட்டால், தடித்த தசையை அறுவையால் வெட்டி நீக்குவது அல்லது தமனி வழியே ஆல்கஹால் செலுத்திச் சுருக்குவது பற்றிப் பேச வேண்டும். ஆனால் படுத்திருக்கும்போது 10 காட்டும் அதே இதயம், மூச்சை அடக்கி முக்கும்போதோ எழுந்து நிற்கும்போதோ 60, 70 காட்டக்கூடும். ஆகவே, ஓய்வுநிலையில் மட்டும் அளந்துவிட்டு ‘அடைப்பு இல்லை’ என்று எழுதிய அறிக்கையை, அறிகுறி உள்ள நோயாளியின் விஷயத்தில் முடிவானதாக ஏற்க வேண்டாம். முக்கியும் நின்றும் அளவு கூடவில்லையெனில் உடற்பயிற்சி எக்கோ செய்யச் சொல்லுங்கள். டோபுட்டமின் மருந்தால் தூண்டிப் பார்ப்பது இதற்கு உகந்ததன்று. நோயற்ற இதயத்திலும் அது அழுத்த வேறுபாட்டை உண்டாக்கிவிடும். டாப்ளர் திரையில் கோட்டின் வடிவத்தையும் கவனியுங்கள்: அடைப்பின் கோடு மெல்லத் தொடங்கி, பிற்பகுதியில் உச்சம் தொட்டு, குத்துவாள் போல் தோன்றும், மிட்ரல் கசிவின் கோடோ சுருக்கத்தின் தொடக்கத்திலேயே எழுந்து அகன்று நிற்கும். கசிவின் கோட்டை அடைப்பின் கோடென்று எடுத்துக்கொண்டால் இல்லாத அடைப்புக்கு அறுவை வரை போக நேரும்.

இதயத்தின் நுனிப்பகுதி எக்கோவில் சரியாகத் தெரியாமல் போவதுண்டு. ஈசிஜியில் டி அலைகள் ஆழமாகத் தலைகீழாகியும் எக்கோ இயல்பாக வந்தால், எம்.ஆர்.ஐ. எடுப்பதே முறை. கடோலினியம் என்ற, படத்தில் வேறுபாட்டைக் காட்டும் மருந்தைச் செலுத்தி எடுக்கும் படத்தில் தசையிலுள்ள தழும்பு வெண்மையாகத் தெரியும். கீழறைத் தசையின் நிறையில் 15 விழுக்காடு அல்லது அதற்கு மேல் தழும்பு பரவியிருப்பதும், நுனி பலூனாகப் புடைத்திருப்பதும் திடீர் மரண அபாயத்தைக் கூட்டுவதால், ஐ.சி.டி. (ஆபத்தான இதயத்துடிப்பை மின்னதிர்ச்சியால் சீராக்கும்) கருவி பொருத்துவது குறித்த முடிவுக்கு இவை உதவும். சிறுநீரகக் கோளாறோ பேஸ்மேக்கரோ இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

முதியவருக்குச் சுவர் தடித்திருந்தும் ஈசிஜி அலைகள் சிறுத்திருந்தால் அமிலாய்டு படிவை (தவறாக மடிந்த புரதம் இதயத்தசையில் படிவதை) நினைக்க வேண்டும். டெக்னீசியம் பைரோபாஸ்பேட் என்ற கதிரியக்கப் பொருளைச் செலுத்தி எடுக்கும் ஸ்கேனுடன், இரத்தத்திலும் சிறுநீரிலும் லைட் செயின் (எதிர்ப்பொருளின் ஒரு பகுதியான) புரதத்துக்கான சோதனையையும் செய்தாக வேண்டும். ஸ்கேனை மட்டும் நம்பினால், உடனடிச் சிகிச்சை தேவைப்படும் லைட் செயின் வகை தப்பிவிடலாம்.

இதயத்தசை சுருங்கும் விசையைக் குறைத்து அடைப்பைத் தணிக்கும் மாவகாம்டென் மருந்து தொடங்கியவருக்குக் குறித்த இடைவெளிகளில் எக்கோ கட்டாயம். வெளியேற்றத் திறன் (இடது கீழறை ஒரு துடிப்பில் வெளியேற்றும் இரத்தத்தின் பங்கு) 50 விழுக்காட்டுக்குக் கீழ் இறங்கினால் மருந்தை நிறுத்திவைக்க வேண்டும். நோயாளியின் நெருங்கிய இரத்த உறவினருக்கும் ஈசிஜியும் எக்கோவும் எடுக்கப்பட வேண்டும்; இயல்பாக இருந்தாலும், சிறுவர்களுக்கு 1 முதல் 2 ஆண்டுகளுக்கு ஒரு முறையும் பெரியவர்களுக்கு 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒரு முறையும் அவற்றைத் திரும்ப எடுப்பது வழக்கம்.