உள்ளூர்க் கட்சிக் குழுவின் விசுவாச உறுதிமொழி: கையெழுத்துக்கு முன்னும் பின்னும் கவனிக்க வேண்டியவை

2008ஆம் ஆண்டு ஆகஸ்டில், அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள பாம் பீச் கவுன்டியில் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவில்), குடியரசுக் கட்சியின் நிர்வாகக் குழுவுக்கு நடந்த தேர்தலில் வாக்குகளால் வென்ற ஒருவருக்கு அந்தக் குழுவில் இடம் கிடைக்கவில்லை. அவருடைய வெள்ளையின மேலாதிக்கக் கருத்துகளைக் கட்சியினர் வெளிப்படையாகவே எதிர்த்தனர். ஆனாலும் அவரைச் சேர்க்க மறுத்தபோது அவர்கள் காட்டிய காரணம், கட்சி வேட்பாளர்களுக்கு எதிராக நிற்பவர்களை ஆதரிப்பதில்லை என்று வாக்களிக்கும் விசுவாச உறுதிமொழிப் படிவத்தை அவர் உரிய காலத்துக்குள் கையெழுத்திட்டுத் தரவில்லை என்பதுதான். உள்ளூர்க் குழுவில் சேர விரும்பும் எவரும் இந்தப் படிவத்தை வெறும் சடங்காக எண்ணிவிடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். அரசு கேட்கும் விசுவாசம் வேறு, கட்சி கேட்கும் விசுவாசம் வேறு. அரசைக் கவிழ்க்கும் கொள்கையை ஆதரிப்பதில்லை என்று உறுதி கூறினால்தான் ஒரு கட்சி வாக்குச்சீட்டில் இடம்பெற முடியும் என்று இந்தியானா மாநிலம் விதித்திருந்த நிபந்தனையை, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1974இல் செல்லாதென அறிவித்தது. அதே நீதிமன்றம், அலபாமாவின் ஜனநாயகக் கட்சி தன் சார்பில் அதிபர் தேர்வாளராக (மக்கள் வாக்களித்த பின் அதிபரை முறைப்படி தேர்ந்தெடுப்பவராக) நிற்க வருபவர்களிடம் கட்சியின் வேட்பாளரை ஆதரிப்பதாக உறுதிமொழி கேட்கலாம் என்று 1952இலேயே ஏற்றுக்கொண்டிருந்தது. கட்சிகளின் உள்ளமைப்பை மாநிலச் சட்டம் வரையறுத்துக் கட்டுப்படுத்துவதற்கு எதிராக, கலிபோர்னியா வழக்கொன்றில் 1989இல் அது தீர்ப்பளித்தது. ஆகவே, உங்களிடம் என்ன உறுதி கேட்கப்படுகிறது என்பதைப் பெரும்பாலும் கட்சியின் விதிகளிலேயே தேட வேண்டும். மாநிலச் சட்டத்தை மட்டும் படித்துவிட்டு வருபவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

எனவே, படிவத்தைக் கேட்பதற்கு முன்பே மூன்று ஆவணங்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: மாநிலத் தேர்தல் சட்டத்தில் கட்சிக் குழுக்களைப் பற்றிய பகுதி, மாநிலக் கட்சியின் விதிகள், கவுன்டிக் குழுவின் துணைவிதிகள். பின்னிரண்டும் இணையத்தில் கிடைக்காவிட்டால் கவுன்டிக் குழுவின் செயலாளரிடம் எழுத்து மூலம் கேட்டுப் பெறலாம். இத்தகைய குழுவுக்குப் போட்டியிட, பொதுவாக அந்தக் கட்சியின் பெயரில் பதிவு செய்த வாக்காளராக இருக்க வேண்டும். வாக்காளராகப் பதிய அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். எத்தனை நாள்களுக்கு முன்பே அந்தக் கட்சியில் பதிவு செய்திருக்க வேண்டும் என்பதையும் விதிகளில் தேடிப் பாருங்கள். அண்மையில் கட்சி மாறியவர்களை வெளியே நிறுத்துவது பெரும்பாலும் இந்த ஒரு வரிதான்.

காலக்கெடுவைப் பொறுத்தவரை புளோரிடாவின் முறை கறாரானது. உறுப்பினர்களைத் தேர்தல் வழியாகத் தெரிவுசெய்ய விரும்பும் கட்சி, அதிபர் தேர்தல் ஆண்டில் நடக்கும் பிரைமரி தேர்தலோடு (கட்சிகள் தம் வேட்பாளர்களைத் தெரிவுசெய்யும் முதற்கட்டத் தேர்தலோடு) நான்காண்டுப் பதவிக்கு அவர்களைத் தேர்ந்தெடுக்கலாம். அந்தத் தேர்தலுக்கு 71 நாள்களுக்கு முந்தைய நண்பகலில் தொடங்கி, 67 நாள்களுக்கு முந்தைய நண்பகலோடு மனு ஏற்பு முடிந்துவிடும். 2024இல் பிரைமரி ஆகஸ்ட் 20 அன்று நடந்ததால், அந்தக் காலம் ஜூன் 10 முதல் 14 வரை மட்டுமே இருந்தது. தேர்தல் அலுவலகம் கேட்கும் வேட்பாளர் படிவமும் கட்சி கேட்கும் விசுவாச உறுதிமொழியும் ஒன்றல்ல என்பதை மனதில் வைத்து, எது எங்கே, எந்த நாளுக்குள் சேர வேண்டும் என்று இரண்டுக்கும் தனித்தனியே எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இனி, வாசகத்தைப் படிக்கும் வேலை. அதிக நேரம் இதற்குத்தான் செலவாக வேண்டும். பதவிக்காலத்தில், கட்சி நிறுத்திய வேட்பாளரை எதிர்த்து நிற்பவர்களை வெளிப்படையாகவோ, தீவிரமாகவோ, பணத்தாலோ ஆதரிப்பதில்லை என்பதே இத்தகைய உறுதிமொழிகளின் சாரமாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு சொல்லும் எதுவரை நீள்கிறது என்று பார்க்க வேண்டும். ‘ஆதரிப்பதில்லை’ என்பதோடு நிற்கிறதா, ‘எதிர்ப்பதில்லை’ என்றும் சேர்த்துச் சொல்கிறதா? முன்னதில், பிடிக்காத வேட்பாளர் விஷயத்தில் அமைதியாக இருந்துவிடலாம்; பின்னதில், அவரைப் பற்றி ஒரு விமர்சனக் கட்டுரை எழுதுவதும் மீறலாகக் கருதப்படலாம். பிரைமரி முடிந்து வேட்பாளர் உறுதியான பிறகுதான் கட்டுப்பாடு தொடங்குகிறதா? கட்சிச் சின்னமில்லாமல் நடக்கும் பள்ளி வாரியத் தேர்தலும் நகர மன்றத் தேர்தலும் இதற்குள் வருகின்றனவா? நீதிபதித் தேர்தலுக்கு விலக்கு உண்டா? நண்பரோ உறவினரோ பள்ளி வாரியத்துக்குப் போட்டியிடக்கூடும் என்றால், கையெழுத்திடும் முன்பே இந்தக் கேள்விக்கு விடை தெரிந்திருப்பது நல்லது. வாக்குச்சாவடிக்குள் நீங்கள் யாருக்கு வாக்களிக்கிறீர்கள் என்பது இரகசியம். அதை எந்தக் குழுவும் சோதிக்க முடியாது. எனினும் மனமொப்பாமல் கொடுக்கும் உறுதியை, அகப்பட மாட்டோம் என்ற துணிவில் கொடுப்பதை நான் சரியென்று கருதவில்லை.

படிவம் நோட்டரி முன்னிலையில் கையெழுத்திட வேண்டியதா என்று பாருங்கள். அப்படியானால் வீட்டிலேயே கையெழுத்திட்டு எடுத்துச் செல்லாதீர்கள். அந்தக் கையெழுத்து நோட்டரியின் கண்ணெதிரே போடப்பட வேண்டும். அவர் உங்கள் அடையாள அட்டையைப் பார்ப்பார், எழுதியிருப்பது உண்மையென உறுதியளிக்கிறீர்களா என்று கேட்பார், வாயால் ‘ஆம்’ என்று சொன்ன பிறகு நீங்கள் கையெழுத்திட, தேதியும் முத்திரையும் இட்டுத் தருவார். புளோரிடாவில் நேரில் செய்யும் இத்தகைய ஒரு சான்றுக்கு நோட்டரி அதிகபட்சம் 10 டாலர்தான் வாங்கலாம். சமய நம்பிக்கையாலோ பிற காரணத்தாலோ சத்தியம் செய்ய விரும்பாதவர்கள் ‘உறுதி கூறுகிறேன்’ என்ற சொல்லைத் தேர்ந்தெடுக்கலாம். அமெரிக்க அரசியலமைப்பே இவ்விரண்டையும் சமமாக வைத்திருக்கிறது. பெயரை வாக்காளர் பதிவில் உள்ளபடியே எழுதுங்கள். தந்தை பெயரின் முதலெழுத்தோடு பெயரெழுதிப் பழகிய நம்மவர்கள், எது முதற்பெயர், எது குடும்பப்பெயர் என்பதில் ஆவணத்துக்கு ஆவணம் மாறிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். படிவத்தைக் கொடுக்கும்போது பெற்றுக்கொண்டதற்கான தேதி முத்திரையுள்ள நகலைக் கேட்டு வாங்குங்கள்.

பதவியேற்ற பின் மீறல்கள் பெரும்பாலும் சிறு செயல்களாகவே நேரும்: வீட்டு முற்றத்தில் நட்ட ஒரு பலகை, முகநூலில் பகிர்ந்த ஒரு படம், நண்பருக்காகக் கொடுத்த நன்கொடை. கூட்டாட்சித் தேர்தலில் (அதிபர், நாடாளுமன்றத் தேர்தல்களில்) ஒரு வேட்பாளரின் பிரசாரக் குழுவுக்கு நீங்கள் கொடுத்தது 200 டாலரைத் தாண்டினால், உங்கள் பெயரோடு அது பொதுப் பதிவில் வெளியாகும். யாரும் தேடிப் பார்க்கலாம்.

உறுதிமொழியை மீறியதாகக் குற்றம் சாட்டப்பட்டால் பதறாமல், முதலில் எழுத்து மூலமான அறிவிப்பைக் கேளுங்கள். புளோரிடாச் சட்டப்படி, முறையான அறிவிப்புடன் கூட்டப்பட்டு, போதிய உறுப்பினர்கள் வந்திருக்கும் கூட்டத்தில், வந்தவர்களில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கினர் வாக்களித்தால்தான் கவுன்டிக் குழு ஓர் உறுப்பினரை இதற்காக நீக்க முடியும். தவறாக நீக்கப்பட்டவர் நீதிமன்றம் சென்று வென்றால் பதவி திரும்பக் கிடைக்கும். நியாயமான வழக்கறிஞர் கட்டணம் உட்பட வழக்குச் செலவையும் அந்தக் குழுவே கொடுக்க வேண்டும். ஆனால் வேறொருவரை ஆதரிப்பதென்று நீங்களே மனமறிந்து முடிவு செய்துவிட்டால், அந்த ஆதரவை வெளியிடுவதற்கு முன்பே விலகல் கடிதத்தைத் தலைவரிடமும் செயலாளரிடமும் கொடுத்து, அது கிடைத்த நாளைக் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.