ஆர்வி எனும் வீட்டு வசதியுள்ள பயண வண்டியில் பழுதான டிவி கேபிளை மாற்றுவது எப்படி?

படம் கட்டம் கட்டமாக உடைகிறதா? சேனலே பிடிக்கவில்லையா? சுவர்ப் பலகையைக் கழற்றும் முன் கூரை ஆன்டெனாவின் பூஸ்டர் (சிக்னலை வலுப்படுத்தும் கருவி) பொத்தானைப் பாருங்கள். டிவி இணைப்புத் தகட்டில் சிறு விளக்கோடு இருக்கும். பல வண்டிகளில் விளக்கு எரிந்தால் டிவிக்கு வருவது ஆன்டெனா சிக்னல். அணைந்தால் முகாம் கேபிள், அதாவது வண்டி நிறுத்தும் முகாமின் கம்பத்திலிருந்து வரும் கேபிள் டிவி. முகாம் கேபிளைச் செருகிவிட்டு பூஸ்டரை அணைக்க மறந்தால் கேபிள் சேனல் எதுவும் வராது.

பொத்தான் சரியாக இருந்தும் படம் வரவில்லையென்றால்தான் கேபிளைச் சந்தேகிக்க வேண்டும். பழைய வண்டிகளில் இருப்பது மெல்லிய ஆர்ஜி-59 வகை டிவி கேபிள். அது சற்றுத் தடித்த ஆர்ஜி-6 வகையைவிட சிக்னலைக் கூடுதலாகக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் 30, 40 அடி வண்டிக்குள் அந்த வித்தியாசம் ஒரு டெசிபெல்கூட வராது. எனவே சேதமில்லாத ஆர்ஜி-59-ஐ உள்ளூர் சேனல்களுக்காக மட்டும் பிடுங்க வேண்டாம். சாட்டிலைட் டிஷ் வைப்பதாக இருந்தால் மட்டும் ஆர்ஜி-6 அவசியம்.

படி 1: எந்தத் துண்டு கெட்டது?

நல்ல நிலையில் உள்ள 25 அடி கேபிள் ஒன்றை எடுத்து, முகாம் கம்பத்திலிருந்து ஜன்னல் வழியாக நேராக டிவியில் மாட்டுங்கள். படம் வந்தால் கோளாறு வண்டிக்குள். பிறகு பூஸ்டரை அணைத்து, சந்தேகப்படும் துண்டின் இரு முனைகளையும் கழற்றுங்கள். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, நடுக்கம்பிக்கும் வெளி உலோகத்துக்கும் இடையே அளக்க வேண்டும். எண் எதுவும் காட்டக் கூடாது. காட்டினால் உள்ளே ஷார்ட். அடுத்து, மறுமுனையில் இரண்டையும் ஒரு கிளிப்பால் இணைத்து மீண்டும் அளந்து பாருங்கள். இப்போது சில ஓம்களுக்குள் வர வேண்டும். வராவிட்டால் கம்பி அறுந்திருக்கிறது. அளக்கும்போதே கனெக்டரை ஆட்டிப் பாருங்கள். எண் துள்ளினால் பழுது அந்த முனையில்தான். முனையை வெட்டிப் புதுக் கனெக்டர் போட்டாலே வேலை முடிந்துவிடும்.

ஸ்லைடு-அவுட் பகுதியில் டிவி இருந்தால், அதை உள்ளே இழுத்த நிலையிலும் வெளியே தள்ளிய நிலையிலும் அளக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வளைந்து நிமிரும் கேபிள் அங்கேதான் அறுகிறது.

படி 2: வாங்க வேண்டியவை

ஆர்ஜி-6 கேபிள் (அளந்த நீளத்தோடு 5 அடி கூடுதலாக), அதற்கேற்ற கம்ப்ரெஷன் எஃப் கனெக்டர்கள் (கருவியால் அழுத்திப் பொருத்தும் டிவி கேபிள் முனைகள்) 6, கேபிள் உரிப்பான், கம்ப்ரெஷன் கருவி, ரப்பர் வளையம், பியூட்டைல் டேப் (நீர் புகாமல் அடைக்கும் ஒட்டு டேப்), கூரைக்குரிய சீலன்ட் (கசிவடைக்கும் பசை). சாதாரண இடுக்கியால் நசுக்கும் கிரிம்ப் கனெக்டர் வேண்டாம். வண்டி அதிர்வில் அது தளர்ந்துவிடும்.

படி 3: புதுக் கேபிளை ஓட்டுதல்

முகாம் மின்சாரத்தைக் கழற்றி, பேட்டரியைத் துண்டியுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணைக்க வேண்டும்.

பழைய கேபிளின் முனையில் புதியதைக் கட்டி இழுத்துவிடலாம் என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். பெரும்பாலும் நடக்காது. தொழிற்சாலையில் சுவரை மூடும் முன்பே கேபிளைச் சட்டத்தோடு ஸ்டேபிள் பின் அடித்திருப்பார்கள். சில இடங்களில் அந்தப் பின் கேபிளையே துளைத்திருக்கும். ஷார்ட்டுக்கு அதுவும் ஒரு காரணம். மெதுவாக இழுத்தும் அசையாவிட்டால் விட்டுவிடுங்கள். முனைகளை டேப்பால் சுற்றி, பழையதை உள்ளேயே கிடக்கவிட்டு வேறு வழி தேடுவதே புத்திசாலித்தனம். மேல் அலமாரிகளின் பின்மூலை, சோபாவுக்கு அடியில், தரைக்குக் கீழுள்ள அறை ஆகியவை நல்ல வழிகள். கூரையிலிருந்து இறங்க ஃபிரிட்ஜ் காற்றுப்போக்கி வசதியானது. ஆனால் கேஸ் ஃபிரிட்ஜின் பர்னரும் புகைக்குழாயும் சுடும். கேபிளை எதிர்ச்சுவரோடு ஒட்டிக் கட்டுங்கள்.

துளையிடும் முன் மறுபக்கம் மின்கம்பியோ தண்ணீர்க் குழாயோ இல்லை என்று உறுதி செய்யுங்கள். உலோகத் துளையில் ரப்பர் வளையம் கட்டாயம். 3 அங்குல ஆரத்துக்குக் குறைவாகக் கேபிளை மடக்காதீர்கள்.

படி 4: கனெக்டர் போடுதல்

கால் அங்குலம் நடுக்கம்பி, அடுத்த கால் அங்குலம் வெள்ளை உறை தெரியும்படி உரியுங்கள். வெள்ளை உறையைச் சுற்றியுள்ள பின்னல் கம்பிகளைப் பின்னோக்கி மடிக்கவும். வெள்ளை உறையோடு ஒட்டியுள்ள அலுமினியத் தாளை உரிக்க வேண்டாம். கனெக்டரைத் திருகியபடி அழுத்தி, உள்ளே வெள்ளை உறை அடித்தளத்தோடு சமமாக நிற்கும்வரை ஏற்றிய பிறகே கருவியால் அழுத்துங்கள். நடுக்கம்பி விளிம்பைத் தாண்டிச் சற்றே நீட்டிக்கொண்டிருந்தால் போதும். பின்னலில் ஒரே ஒரு மயிரிழை நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட். ஆன்டெனாவுக்குப் போகும் 12 வோல்ட் மின்சாரமும் இதே கம்பியில்தான் ஓடுகிறது. அதனால் பூஸ்டரைப் போடும் முன் ஒவ்வொரு துண்டையும் மீண்டும் ஓம் அளவில் பாருங்கள்.

பூஸ்டர் தகட்டுக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே ஸ்ப்ளிட்டர் (சிக்னலைப் பிரிக்கும் கருவி) வைக்காதீர்கள். பல ஸ்ப்ளிட்டர்கள் அந்த மின்சாரத்தை விடாது. டிவிகளுக்குப் பிரிப்பதைத் தகட்டுக்குப் பிறகு செய்யுங்கள்.

படி 5: சோதித்து அடைத்தல்

மின்சாரத்தைக் கொடுத்துப் பூஸ்டரைப் போடுங்கள். கூரை முனையில் ஏறக்குறைய 12 வோல்ட் வர வேண்டும். வந்தால் ஆன்டெனாவை மாட்டி, டிவியில் சேனல் தேடலை மீண்டும் ஓட்டுங்கள். பூஸ்டரை அணைத்து முகாம் கேபிளிலும் ஒருமுறை தேடுங்கள். இரண்டுக்கும் தனித்தனித் தேடல்.

எல்லாம் வேலை செய்த பிறகே அடைப்பு. பக்கவாட்டு இணைப்புப் பெட்டிக்குப் பின்னால் பியூட்டைல் டேப், கூரைத் துளைக்குத் தானாகப் பரவும் சீலன்ட். ரப்பர் கூரையில் சிலிகான் பூச வேண்டாம். சரியாக ஒட்டாது, பிறகு அதன்மேல் வேறு எதுவும் ஒட்டாது. வெளியே தெரியும் கேபிள், துளைக்குள் நுழையும் முன் சற்றுத் தொங்கி மேலேறும்படி இருக்கட்டும். மழைநீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும்.