ஆண் குதிரையின் உறையைக் கழுவுவது எப்படி: திருகோணமலைப் பக்கம் குதிரை வைத்திருப்பவர்களுக்கு

குதிரைக்குக் குளம்பு பார்க்கிறோம், பல் பார்க்கிறோம், தினமும் முதுகைத் தேய்த்து விடுகிறோம். ஆனால் அடிவயிற்றின் கீழே ஆண்குறி உள்ளே சுருங்கி இருக்கிற அந்தத் தோல் உறையைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. கூச்சம்தான் காரணம். நாங்கள் கூச்சப்பட்டுக்கொண்டு விட்டுவிட்டால் மூத்திரம் போக முடியாமல் அவதிப்படுவது அந்த வாயில்லாச் சீவன், அதனால் வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது நலமடித்த, அதாவது விதை நீக்கிய, சிவலைக் குதிரை. அது வந்த முதல் வருடம் நான் செய்த பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன். சுத்தமாக வைக்க வேண்டும் என்ற எண்ணத்தில் கிழமைக்கு ஒருமுறை கிருமிநாசினி கலந்த தண்ணீரால் கழுவினேன். இரண்டு மாதத்தில் உறை வீங்கி, தோல் உரிந்து, முன்பு இல்லாத ஒரு கெட்ட வாடையும் வந்துவிட்டது. மிருக வைத்தியர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான்: அந்த இடத்தில் இருக்க வேண்டிய நல்ல கிருமிகள் இருக்கின்றன, அவற்றைக் கொன்றால் அந்த இடத்தைக் கெட்டவை பிடித்துக்கொள்ளும். கழுவுவதை நிறுத்தினோம், தானாகவே ஆறியது. ஆகவே அடிக்கடி பாருங்கள், எப்போதாவது கழுவுங்கள். பெரும்பாலான குதிரைகளுக்கு 6 மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை போதும். சில குதிரைகளுக்கு அதுகூடத் தேவைப்படாது.

உள்ளே சேருகிற ஊத்தை என்பது உதிர்ந்த தோலும் சுரப்பி எண்ணெயும் மண்ணும் கலந்தது. கருஞ்சாம்பல் நிறத்தில் பிசுபிசுப்பாக இருக்கும், சிலதில் காய்ந்து செதில் செதிலாக வரும். கொஞ்சம் இருப்பது இயல்பு, அது தோலுக்குப் பாதுகாப்பும் கூட. நலமடித்த குதிரைகள் குறியை முழுவதுமாக வெளியே விடுவது குறைவு, அதனால் அவற்றில் கூடுதலாகச் சேரும். எங்கள் பக்கம் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மணலும் சேர்ந்து அரைக்கும். கடலில் குளிப்பாட்டுகிறவர்கள் கரைக்கு வந்ததும் அடிவயிற்றையும் நல்ல தண்ணீரால் அலசி விடுங்கள், உப்பும் மணலும் அந்தத் தோலில் காயவே கூடாது.

எப்போது கழுவ வேண்டும் என்று குதிரையே காட்டும். மூத்திரம் பின்னங்கால்களில் சிதறும், அல்லது உறைக்குள்ளேயே பெய்துவிடும். நீட்டி நின்று முக்கும், வாலை உரசும், பக்கத்தில் போனாலே வாடை வரும். குதிரை ஓடும்போது உறையில் இருந்து 'களக் களக்' என்று சத்தம் வந்தால் ஊத்தை என்று பலர் நினைக்கிறார்கள், அது ஊத்தையால் வருவது இல்லை, வயிற்றுத் தசையை இறுக்கி ஓடும்போது உள்ளே காற்று போய் வருகிற சத்தம்.

சரி, கழுவுகிற நாளுக்கு வருவோம். அதற்கு முன் ஒன்றிரண்டு கிழமை தினமும் தேய்த்து விடும்போது கையை வயிற்றடியில் மெதுவாகக் கொண்டுபோய் உறையைத் தொட்டுப் பழக்குங்கள். அமைதியாக நின்றால் கையை எடுத்துவிட்டுப் பாராட்டுங்கள். இந்தப் பழக்கத்தை விட்டுவிட்டு நேரே கழுவப் போகிறவர்களுக்குத்தான் உதை விழுகிறது. குதிரை பின்னங்காலால் முன்பக்கமாகவும் உதைக்கும், அதை மறக்க வேண்டாம். தோளுக்கும் விலாவுக்கும் நடுவில், உடம்போடு ஒட்டி, வால் பக்கம் பார்த்து நில்லுங்கள், ஒரு கை முதுகில் இருக்கட்டும், உடம்பு இறுகுவது அந்தக் கைக்கு முதலில் தெரியும். தலைக்கயிற்றைப் பிடிக்கிறவர் நீங்கள் நிற்கிற அதே பக்கத்தில்தான் நிற்க வேண்டும். கட்டிப் போட்டுக் கழுவ வேண்டாம். தலைக்கவசம் இருந்தால் போடுங்கள்.

முதல் நாள் மாலையில் உறைக்குள் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவி விடுங்கள், காய்ந்த ஊத்தை ஊறிப் போகும். மறுநாள் ஒரு நடை நடத்திவிட்டு, உடம்பு தளர்ந்திருக்கும் நேரத்தில் தொடங்குங்கள். நகத்தை ஒட்ட வெட்டி, ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அந்த வாடை கையை விட்டு லேசில் போகாது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். கன்னியா வெந்நீரூற்றில் ஏழு கிணற்றிலும் சூடு வேறு வேறு அல்லவா, அதில் சூடு குறைந்த கிணற்றுத் தண்ணீர் கையில் படுவது போல. கரையோரத்துக் கிணறு உவராக இருந்தால் அந்தத் தண்ணீர் வேண்டாம். சவர்க்காரம் போடுவதானால் குழந்தைகளுக்குப் போடுகிற மென்மையானது, அதுவும் மிகக் கொஞ்சம். எண்ணெயும் தண்ணீருமே பெரும்பாலும் போதும்.

கையை நனைத்து, ஈரப் பஞ்சுடன் உறைக்குள் மெதுவாகக் கொண்டுபோய் வட்டமாகத் தேயுங்கள். உள்ளே தோல் மடிந்து மடிந்து இருக்கும், அந்த மடிப்புகளில்தான் ஊத்தை ஒளிந்திருக்கும். வராததைப் பிய்க்கக் கூடாது, எண்ணெய் விட்டு நாளைக்குப் பார்க்கலாம். குதிரை தானாகக் குறியை வெளியே விட்டால் நல்லது, விடாவிட்டால் இழுக்க வேண்டாம், உள்ளேயே கழுவலாம். பிடித்திருக்கும்போது உள்ளே இழுத்துக்கொண்டால் கையைத் தளர்த்துங்கள்.

நுனியைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். மூத்திரத் துவாரத்தைச் சுற்றி ஒரு குழி இருக்கிறது, அதற்குள் ஊத்தை திரண்டு கெட்டியான உருண்டையாகிவிடும். அவரை விதை அளவில் இருக்கும், அதைவிடப் பெரிதாகவும் வளரும். ஆங்கிலத்தில் 'பீன்' என்கிறார்கள். இதுதான் மூத்திரத்தை நெருக்குவது. எண்ணெய் தடவிய சுண்டு விரலால் குழியைச் சுற்றி மெதுவாகத் தடவினால் உருண்டு வெளியே வரும். பெரிதாக இருந்து, குதிரைக்கு வலித்தால், நீங்கள் தொடர வேண்டாம், வைத்தியர் மயக்கம் கொடுத்து எடுப்பார். மயக்க மருந்தை நீங்களாக வாங்கிப் போடவே கூடாது. அசெப்ரோமசின் போன்ற மருந்தால் ஆண்குறி உள்ளே போகாமல் அப்படியே தொங்கிப்போன குதிரைகள் உண்டு, விதையுள்ள குதிரைகளில் அந்த ஆபத்து கூடுதல்.

கடைசியில் வழுவழுப்பு முழுதும் போகும்வரை நல்ல தண்ணீரால் அலசுங்கள். சவர்க்காரம் தங்கினால் புண்ணாகும். ஹோஸ் பைப் வைத்தால் மெல்லிய ஓட்டம்தான், உள்ளே வேகமாகப் பீச்சக் கூடாது.

இனவிருத்திக்கு வைத்திருக்கிற பொலிகுதிரைக்கு வெறும் வெதுவெதுப்பான தண்ணீர் மட்டும்தான். கிருமிநாசினியைத் திரும்பத் திரும்பப் போட்டால் சூடோமோனாஸ், கிளெப்சியெல்லா போன்ற கிருமிகள் குடியேறி, சேர்கிற பெண் குதிரையின் கருப்பையைத் தாக்கும்.

கழுவுகிற கையோடு கண்ணையும் வைத்துப் பாருங்கள், எனக்கு ஊத்தையைவிட இதுதான் முக்கியம். இளஞ்சிவப்புத் தோல் உள்ள குதிரைகளில் மரு போலவோ ஆறாத புண்ணாகவோ ஏதாவது கண்டால் காத்திருக்க வேண்டாம், அது தோல் புற்றாக இருக்கலாம். ஆறாத புண்ணில் மஞ்சள் குருணை போலத் தெரிந்து, குதிரை அரிப்பில் துடித்தால், வயிற்றுப் புழுவின் குஞ்சுகளை இலையான் கொண்டுவந்து விட்டதாக இருக்கலாம். அந்தப் புழு சாணத்தில் இருந்துதான் இலையானுக்குப் போகிறது, ஆகவே தினமும் சாணத்தை அள்ளித் தூரப் போடுங்கள்.

மழை மாதங்களில் நடக்காமல் கொட்டிலிலேயே நிற்கும்போது உறை லேசாக வீங்கும், நடக்க விட்டால் வடிந்துவிடும். கழுவிய மறுநாள் வருகிற சிறு வீக்கமும் அப்படித்தான். இரண்டு நாள் தாண்டியும் நின்றால், சூடாக இருந்தால், சீழோ இரத்தமோ வந்தால், வைத்தியரைக் கூப்பிடுங்கள். குறி வெளியே வீங்கித் தொங்கி உள்ளே போகாமல் இருந்தால் அது அன்றைக்கே, அந்த மணித்தியாலத்திலேயே பார்க்க வேண்டியது. வைத்தியர் வரும்வரை குளிர்ந்த தண்ணீர் ஊற்றி ஈரமாக வைத்து, சுத்தமான துணியை வயிற்றைச் சுற்றிக் கட்டித் தாங்கிப் பிடியுங்கள், தொங்க விட்டால் இன்னும் வீங்கும்.