கேரவனுக்கு உள்பேட்டரி மாற்றப் போகிறீர்களா?

கோவை, திருப்பூர் பக்கம் வேனைக் கேரவனாக மாற்றி வைத்திருப்பவர்களில் சிலர், உள்ளே விளக்கும் ஃபிரிட்ஜும் ஓட்டுகிற பேட்டரி போனதும் வீட்டு இன்வெர்ட்டருக்கான டியூபுலர் என்கிற ஈய-அமில பேட்டரியையே தூக்கி வைத்துவிடுகிறார்கள். விலை குறைவுதான். ஆனால் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஆசிட் அலம்பும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வேறு வரும். படுக்கைக்கு அடியில் வைக்கிற சாமான் இல்லை அது.

கடைக்குப் போகும் முன் ஒரு நாள் செலவைக் கணக்குப் போடுங்கள். 45 வாட் ஃபிரிட்ஜ் பாதி நேரம் ஓடினால் 540 வாட்-ஹவர். 25 வாட் விசிறி எட்டு மணி நேரத்துக்கு 200. விளக்கு, செல்போன் எல்லாம் சேர்த்து 800 என்று வையுங்கள். ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும். அதனால் 12 வோல்ட் 150 ஏ.எச். (ஆம்பியர்-ஹவர்) பேட்டரியில் கைக்கு வருவது 900தான். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 80 சதவீதம் தாராளமாக எடுக்கலாம், 100 ஏ.எச்.சே ஆயிரத்தைத் தொடும், எடையும் பாதிக்கும் கீழே. என் ஓட்டு இதற்குத்தான்.

ஆனால் பழைய சார்ஜர் லித்தியத்துக்கு ஒத்துவருமா என்று பாருங்கள். வண்டி எஞ்சினோடு ஓடி மின்சாரம் தருகிற ஆல்டர்னேட்டரிலிருந்து நேராக இணைக்காதீர்கள், ஆல்டர்னேட்டர் சூடேறிக் கெடும். நடுவில் மின்னோட்டத்தை அளவோடு விடுகிற டிசி-டிசி சார்ஜர் வேண்டும். அப்புறம், ஜனவரியில் ஊட்டி ஏறுபவர்கள் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜை நிறுத்துகிற பி.எம்.எஸ். (பேட்டரியைக் காக்கும் மின்னணுச் சுற்று) உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள்.