போராட்டப் படங்களில் ஓரத்தைப் பாருங்கள்

போராட்டப் படம் ஒன்று கண்ணில் பட்டதும் நாம் பார்ப்பது நடுவில் இருப்பதைத்தான். ஓங்கிய தடி, ரத்தம் வழியும் முகம், எரியும் பஸ். அதை வைத்தே நியாயம் யார் பக்கம் என்று தீர்ப்பு எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுகிறோம். கொஞ்சம் நின்று ஓரங்களைப் பாருங்கள்.

முதலில் கூட்டம். படத்தின் நாலு பக்க விளிம்பையும் தலைகள் தொடுகின்றன என்றால், அந்தப் படத்தை வைத்துக் கூட்டம் பெரிதா சிறிதா என்று சொல்லவே முடியாது, ஏனென்றால் அது எங்கே முடிகிறது என்பதே தெரியவில்லை. 2003 ஏப்ரல் 9 அன்று பாக்தாத்தின் பிர்தௌஸ் சதுக்கத்தில் சதாம் உசேன் சிலை விழுந்தபோது உலகம் அதிகம் பார்த்தது கிட்டத்தில் எடுத்த காட்சிகளை. நகரமே திரண்டு வந்த மாதிரி இருக்கும். உயரத்திலிருந்து எடுத்த படங்களில் சதுக்கத்தின் பெரும்பகுதி காலி. சிலையை இழுத்துத் தள்ளியதும் அமெரிக்க ராணுவ வண்டிதான். இதில் ஒரு படம்கூட போலி இல்லை என்பதைக் கவனியுங்கள்.

அப்புறம் தலைகளின் அளவு. முன்வரிசைத் தலையும் பல வரிசை பின்னால் உள்ள தலையும் ஏறக்குறைய ஒரே அளவில் தெரிந்தால், அது தூரத்தில் நின்று, தொலைவில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டும் டெலிஃபோட்டோ லென்ஸில் எடுத்தது. வரிசைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி அதில் சுருங்கித் தெரியும். அப்படிப்பட்ட படத்தில் தெரியும் நெரிசலை நம்ப வேண்டாம்.

கேமரா யார் பக்கம் நிற்கிறது? போலீஸ் வரிசைக்குப் பின்னால் நின்றால் கல் நம்மை நோக்கி வரும், கூட்டத்துக்குள் நின்றால் கேடயமும் தடியும் வரும். ஒரே தெருவில் ஒரே நிமிடத்தில் இரண்டு படமும் கிடைக்கும். இதற்காக எடுத்தவரைச் சந்தேகப்பட வேண்டியதில்லை, அடிபடாமல் நிற்க அவருக்கு அங்கேதான் இடம் கிடைத்திருக்கும். ஆனால் பார்க்கிற நாம் நம்மை அறியாமலே அந்தப் பக்கத்து ஆளாகிவிடுகிறோம்.

வெட்டியது என்ன என்று கேட்பது இன்னும் முக்கியம். 2020 ஜனவரியில் உலகப் பொருளாதார மாநாடு நடந்த சுவிட்சர்லாந்தின் டாவோஸில் கிரேட்டா துன்பெர்க் உள்பட ஐந்து இளம் பருவநிலைப் போராளிகள் சேர்ந்து நின்ற படத்திலிருந்து உகாண்டாவின் வனெசா நகாட்டேயை மட்டும் ஏபி செய்தி நிறுவனம் வெட்டி வெளியிட்டது. மிச்சமிருந்த நால்வரும் வெள்ளையர்கள். பின்னால் இருந்த கட்டடம் கண்ணை உறுத்தியதால் வெட்டினோம் என்று விளக்கம் சொன்னார்கள். உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரே ஆள் காணாமல் போனார், அந்தப் படத்தை மட்டும் பார்த்தவருக்கு அவர் அங்கே நின்றதே தெரியாது.

முடிந்தால் அதே நிகழ்வை வேறொருவர் எடுத்த படத்தைத் தேடுங்கள், இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. 1989 ஜூன் 5 அன்று, மாணவர் போராட்டத்தை சீன ராணுவம் நசுக்கிய மறுநாள், பெய்ஜிங்கில் டாங்குகளை மறித்து ஒற்றை ஆளாக நின்றவரைப் பல போட்டோகிராபர்கள் ஹோட்டல் மாடியிலிருந்து எடுத்தார்கள். நெருக்கமான படத்தில் நாலு டாங்கு. ஸ்டூவர்ட் ஃபிராங்க்ளினின் அகலமான படத்தில் நீண்ட வரிசை. இருபது வருஷம் கழித்து, 2009ல், டெரில் ஜோன்ஸ் தெருமட்டத்திலிருந்து எடுத்த படம் வெளியானது. அதில் முன்னால் ஆட்கள் ஓடுகிறார்கள், டாங்குகள் இன்னும் தூரத்தில் வருகின்றன, அந்த மனிதர் ஏற்கெனவே சாலையில் போய் நின்று காத்திருக்கிறார். மாடிப் படங்கள் தைரியத்தைக் காட்டின. அது யோசித்து எடுத்த முடிவு என்பதைத் தரைப் படம் காட்டியது.

படக்குறிப்பையும் படியுங்கள், முக்கியமாக அதில் இல்லாததை. 1963 மே 3 அன்று அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து பர்மிங்ஹாமில், கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தின்போது, போலீஸ் நாய் ஒரு கறுப்பினப் பையன்மேல் பாயும் படத்தை பில் ஹட்சன் எடுத்தார், மறுநாள் நியூயார்க் டைம்ஸின் முதல் பக்கத்தில் வந்தது. அந்தப் பையன் போராட்டக்காரன் இல்லை, வேடிக்கை பார்க்க வந்தவன். அதனால் நாய் பாய்ந்தது பொய்யாகிவிடாது. ஆனால் அவனை அகிம்சைப் போராளியின் அடையாளமாக்கியது கேமரா இல்லை, படத்தைப் பார்த்தவர்கள்.

போராடுகிறவர்களும் கேமராவை நினைத்துத்தான் திட்டம் போடுகிறார்கள், இதைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். 1963 ஜூனில் தென் வியட்நாமின் தலைநகர் சைகோனில் புத்தபிக்கு திக் குவாங் டக் அரசை எதிர்த்துத் தீக்குளிப்பதற்கு முந்தைய நாளே வெளிநாட்டு நிருபர்களுக்குத் தகவல் போனது. பதாகைகள் வியட்நாமிய மொழியோடு ஆங்கிலத்திலும் இருந்தன. எனவே பதாகை எந்த மொழியில் இருக்கிறது என்று பாருங்கள், யாரிடம் பேசுகிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

தலைவர்கள் படத்துக்கு இவ்வளவு வேலை வேண்டாம். ஒரு மேடைப் பேச்சில் நூற்றுக்கணக்கில் கிளிக் விழும். அதில் கண் பாதி மூடிய படத்தைப் போட்டார்களா, கை உயர்த்திச் சிரிக்கும் படத்தைப் போட்டார்களா என்பதிலேயே பத்திரிகை ஆசிரியரின் கருத்து இருக்கிறது.

ஏஐ படம் பற்றிய பயம் நியாயம்தான், ஆனால் நான் அதிகம் பார்ப்பது வேறு ஊரில் வேறு வருஷத்தில் எடுத்த நிஜப் படத்தை இன்றைய தேதியோடு சுற்ற விடுவதை. படத்தைக் கொடுத்தால் அது முன்பு வந்த இடங்களைத் தேடித்தரும் கூகுள் லென்ஸிலோ டின்ஐயிலோ (TinEye) போட்டால் பழைய பதிப்புகள் பல நேரம் சிக்கும். கடை பெயர்ப்பலகை, வண்டி நம்பர் பிளேட், போலீஸ் சீருடை, நிழல் விழும் திசை, இவையெல்லாம் உதவும். இவ்வளவு தேடியும் எங்கே, எப்போது, யார் எடுத்தது என்று பிடிபடவில்லையா? சரி, ஷேர் பண்ணாமல் விடுங்கள்.