காணாத நிறத்தைக் கதையில் கொண்டுவருவது எப்படி?

காஸ்மிக் ஹாரர் (மனித அறிவுக்கு எட்டாத அண்டச் சக்திகளைப் பற்றிய திகில் கதை) எழுத உட்காருபவர்களில் பலர் முதலில் கைவைப்பது 'மனிதர் கண்டிராத நிறம்' என்ற கருவில்தான். விண்கல்லோடு வந்திறங்கும் நிறத்தை வைத்து அமெரிக்க எழுத்தாளர் லவ்கிராஃப்ட் எழுதிய கதை 1927-இல் வெளியானது. அதற்குப் பிறகு இந்தக் கரு பொதுச்சொத்து மாதிரி ஆகிவிட்டது. எடுத்தாள்வதில் தவறில்லை. ஆனால் பெரும்பாலான கதைகள் அந்த நிறத்தை வர்ணிக்கப் போய்ச் சறுக்கிவிடுகின்றன. வர்ணிக்க வேண்டியது நிறத்தை அல்ல, அதன் முன்னால் கண் எந்த இடத்தில் தோற்கிறது என்பதை.

அலைநீளத்தை நம்பாதீர்கள்

நாம் காணும் ஒளி சுமார் 380 முதல் 700 நானோமீட்டர் வரை. இந்த எல்லைக்கு வெளியே உள்ள ஒளி புது நிறமாகத் தெரியும் என்று வைத்துக்கொள்வதுதான் அடிப்படைப் பிழை. புற ஊதாவை விழித்திரை ஓரளவு உணரக்கூடியது. உள்ளே வரவிடாமல் வடிகட்டுவது விழிலென்ஸ். கண்புரைக்காக லென்ஸை அகற்றிவிட்டு மாற்று லென்ஸ் வைக்காதவர்களுக்கு அதன் ஒரு பகுதி தெரியும். ஓவியர் மோனே 1923-இல் அப்படியொரு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். ஆனால் இவர்களுக்குத் தெரிவது வெளிறிய நீலம் அல்லது ஊதா, அவ்வளவே. வருவது புதிய ஒளியாக இருந்தாலும் வாங்கிக்கொள்வது விழித்திரையில் நிறத்தை உணரும் அதே மூன்று வகைக் கூம்பு செல்கள்தானே!

அந்த மூன்றும் எதிர்வினை செய்யும் அலைநீளங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தவை. நடுத்தர அலைநீளக் கூம்பைத் தூண்டும் எந்த ஒளியும் பக்கத்து வகையையும் சேர்த்தே தூண்டும். நடுவகை மட்டும் தனித்துத் தூண்டப்படுவது இயற்கையில் நடக்காது. 2025-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லேசரால் அந்த வகைச் செல்களை மட்டும் குறிபார்த்துத் தூண்டி, ஐந்து பேருக்கு ஒரு நிறத்தைக் காட்டினார்கள். அதற்கு 'ஓலோ' என்று பெயரிட்டார்கள். நீலப்பச்சை என்றுதான் பார்த்தவர்கள் சொன்னார்கள், ஆனால் அதுவரை காணாத செறிவு. வழக்கமான நிறத்தோடு ஒப்பிட, வெள்ளை ஒளியைக் கலந்து அதை வெளிறச் செய்ய வேண்டியிருந்தது.

திகில் கதைக்கு இதைவிட நல்ல கச்சாப்பொருள் கிடைக்காது. புது நிறம் பிறப்பது ஒளியில் அல்ல, செல்கள் தூண்டப்படும் விகிதத்தில். எனவே உங்கள் அந்நியப் பொருள் ஒளிரவே வேண்டாம். பாத்திரம் தான் அதைப் பார்த்ததாக நினைக்கிறது. உண்மையில் அதன் விழித்திரையை ஏதோ தொட்டிருக்கிறது.

எழுதும் முன் ஒரு பயிற்சி

செறிவான மஞ்சள் வட்டம் ஒன்று, நடுவில் சிறு புள்ளி. பக்கத்தில் பளபளப்பில்லாத கறுப்புத் தாள். நல்ல வெளிச்சத்தில் புள்ளியை 30 முதல் 60 விநாடி வரை அசையாமல் பார்த்துவிட்டுக் கறுப்புக்குப் பார்வையை மாற்றுங்கள். கறுப்பளவு இருண்ட, ஆனாலும் நீலமான ஒன்று தெரியும். எந்தச் சாயத்தாலும் அதைத் தாளில் கொண்டுவர முடியாது. பச்சையைப் பார்த்துவிட்டு வெள்ளைக்கு மாறினால், வெள்ளையைவிடப் பிரகாசமானதுபோல் ஒரு சிவப்பு வரும்.

ஒன்றும் தெரியவில்லை என்றால் பெரும்பாலும் விழி அசைந்திருக்கும். அசைந்தால் பின்பிம்பத்தின் (பார்வையை மாற்றிய பிறகும் கண்ணில் தங்கும் உருவத்தின்) ஓரம் கலைந்துவிடும். கறுப்புத் தாள் பளபளத்தாலும் காரியம் கெடும். கண் உறுத்தினால் நிறுத்திவிடுங்கள். குறிப்பெடுக்கும்போது நிறத்தின் பெயரை எழுதாதீர்கள். எத்தனை விநாடி நின்றது, எந்த ஓரத்திலிருந்து மங்கியது, கண் சிமிட்டியதும் திரும்பி வந்ததா என்பவைதான் பின்னால் பயன்படும்.

ஒரே ஒரு விதியை உடையுங்கள்

கண்ணுக்கென்று சில விதிகள் உண்டு. வாசகருக்கு அவற்றின் பெயர் தெரியாது, உடம்புக்குத் தெரியும். பின்பிம்பம் விழியோடு கூடவே நகரும். தொலைவிலுள்ள சுவரில் பெரிதாகவும் அருகிலுள்ள தாளில் சிறிதாகவும் தெரியும். அந்தி மங்கும்போது சிவப்பு முதலில் கறுத்துப்போகும், நீலமும் பச்சையும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். நன்றாக இருட்டியபின், மங்கிய ஒளியை உணர்ந்தாலும் நிறம் பிரித்தறியாத குச்சி செல்கள் மட்டுமே வேலை செய்வதால் நிறமே இராது. விழித்திரையின் நடுக்குழியில் குச்சி செல்கள் இல்லை. அதனால் மங்கலான நட்சத்திரத்தை நேராகப் பார்த்தால் மறையும், ஓரக்கண்ணால் பார்த்தால் தெரியும்.

இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து மீறுங்கள். நிலவில்லாத இரவில், நேராகப் பார்த்தால் மட்டும் தெரிகிற ஏதோ ஒன்று. அல்லது இப்படி:

"கதவிடுக்கில் தெரிந்ததை உதறிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பினாள். கறை அவள் கண்ணோடு நகரவில்லை. கதவருகிலேயே நின்றது."

'இதுவரை யாரும் காணாத நிறம் கதவிடுக்கில் மின்னியது' என்ற வாக்கியத்தோடு இதை வைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று விதிகளைச் சேர்த்து உடைத்தால் அது மாயாஜாலக் காட்சி ஆகிவிடும், பயம் போய்விடும்.

கேமராவும் சாட்சிகளும்

அதிகம் சொதப்புவது இங்கேதான். கேமராவின் சென்சார் ஒளியைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரித்து வாங்குகிறது. திரை அதே மூன்றைக் கலந்துதான் காட்டுகிறது. புது நிறம் புகைப்படத்திலும் புதிதாகவே தெரிந்தது என்று எழுதினால் கதையின் தர்க்கம் அங்கேயே உடையும். படத்தில் வெறும் சாம்பல் சுவர் இருக்கட்டும். படத்தைப் பார்த்தவர்கள் தோளைக் குலுக்கிவிட்டுப் போகட்டும்.

சாட்சிகள் ஒரே மாதிரி சொல்லக் கூடாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத ஒருவரைக் கூட்டத்தில் வையுங்கள். கூம்புகள் வேறானால் அவருக்குத் தெரிவதும் வேறாக வேண்டும். அவருக்கு மட்டும் அது பழகிய நிறமாகத் தெரிவது மற்றவர்களின் அலறலைவிட மோசமான செய்தி.

சொற்கள்

'விவரிக்க முடியாத', 'இனம்புரியாத', 'அமானுஷ்ய' மூன்றையும் முதல் திருத்தத்திலேயே வெட்டுங்கள். பாத்திரம் நிறத்துக்கு ஒரு சாதாரணப் பெயர் வைக்கட்டும்: மயில்கழுத்து, பாசிப்பச்சை, எதுவானாலும். அடுத்த காட்சியில் அதே நிறத்துக்கு அதே ஆள், தயக்கமே இல்லாமல், வேறு பெயர் சொல்லட்டும். மாற்றத்தைக் கதைசொல்லி சுட்டிக்காட்டக் கூடாது.

'நிறம்' என்ற சொல் சிறுகதையில் மூன்று நான்கு இடத்துக்கு மேல் வந்தால் ஒவ்வொன்றாக நீக்கிப் படித்துப் பாருங்கள். நீக்கியும் காட்சி நிற்கிற இடங்களில் அதைத் திரும்பச் சேர்க்க வேண்டாம்.